இன்னும் கொஞ்சம்

கண்ணாடிக் கடைக்காரரின் வலது காதின் மேல்மடிப்பில் இருப்பது தோல் புற்றுநோய் என்று சொன்னபோது, அவர் உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "கண்ணாடி நிக்குமா டாக்டர்?" என்றுதான் கேட்டார்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் மனிதர் பிழைப்பே காதை நம்பித்தான் ஓடுகிறது. கண்ணாடிக் கடை என்றால் ஏதோ கண் சம்பந்தப்பட்ட தொழில் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணைப் பார்த்து எண் எழுதித் தர டாக்டர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி மூக்கில் வழுக்காமல், காதில் கடிக்காமல் உட்கார வைப்பதுதான் கடைக்காரன் வேலை. மேல்மடிப்பு போய்விட்டால் கண்ணாடிக் கால் எங்கே உட்காரும்? தன் மூஞ்சியில் கண்ணாடி நிற்காதவன் அடுத்தவன் மூஞ்சிக்குக் கண்ணாடி மாட்ட வந்தால் எவன் நம்புவான்? போதாக்குறைக்கு அவருடைய பார்வை லட்சணம் அப்படி. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது மனைவியா பீரோவா என்று குரல் வந்தால்தான் தெரியும்.

இத்தனைக்கும் அந்தப் புண் நேற்று வந்ததில்லை. மிளகு அளவுக்குப் பளபளவென்று ஏதோ வந்தது, பொருக்குத் தட்டியது, உதிர்ந்தது, கசிந்தது, மறுபடி பொருக்குத் தட்டியது. ஃபிரேம் கடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடையில் இருந்த ஃபிரேமை எல்லாம் ஒவ்வொன்றாகத் தன் காதில் மாட்டிப் பார்த்தார். கால்களை வளைத்தார், நிமிர்த்தினார், ரப்பர் உறை போட்டார். வெளியில் மூச்சு விடவில்லை. தன் கடைச் சரக்கு தன்னையே கடிக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

மனைவிதான் ஒருநாள் தலையணை உறையைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்னங்க ரத்தம்?"

"ஃபிரேம் கடிச்சது."

"தூங்கும்போது கூடவா ஃபிரேம் கடிக்குது?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே தோல் அறுவை டாக்டருக்கு அம்மா அப்பா வைத்த பேர் என்னவோ, ஆஸ்பத்திரியில் வழங்கும் பேர் 'இன்னும்கொஞ்சம்'. வார்டு பாய் முதல் வாசலில் வண்டி நிறுத்துகிறவர் வரை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு மச்சத்தை எடுக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுவார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் எடுத்துடலாம்" என்று அதற்கு வெளியே இன்னொரு வட்டம். அப்புறம் கத்தி கையில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம். மிளகு அளவுப் புண்ணோடு உள்ளே போனவர்கள் முகத்தில் பாதியை மூடிய பஞ்சுக் கட்டோடு வெளியே வருவார்கள்.

அவரைச் சும்மா குறை சொல்லவும் கூடாது. இந்த நோய்க்கு மேலே தெரிவது ஒரு அளவு, தோலுக்கு அடியில் ஓடியிருப்பது வேறொரு அளவு. வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறது என்று பதில் வந்தால், தையல் போட்ட இடத்தை மறுபடி திறக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு நோயாளிக்கு அப்படி மிச்சம் விட்டுவிட்டார். மனிதருக்கு அது நெஞ்சில் தங்கிவிட்டது. பயத்தில் வெட்டுகிறவர், கெட்டவர் இல்லை. ஆனால் வெட்டு வாங்குகிறவனுக்கு அதனால் என்ன லாபம்?

காதைப் பார்த்ததும் டாக்டர் பேனாவை எடுத்தார். முதல் வட்டம் சின்னதாகத்தான் இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இரண்டாவது வட்டம் போட ஆரம்பித்தார். கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். வட்டம் முடிந்தபோது மேல்மடிப்பு முழுசும் அதற்குள் இருந்தது.

"கண்ணாடி நிக்கறது கஷ்டம்தான்" என்றார் டாக்டர், மனப்பூர்வமான வருத்தத்தோடு.

வீட்டுக்கு வந்து கடைக்காரர் சாப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது, அழுதார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காதைத் தொடாமல் மற்றக் காதைத் தடவிக்கொடுத்தாள்.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்தது. வெட்டிய துண்டை அதன் தட்டில் வைத்தால் போதும். ஓரத்தையும் அடியையும் துழாவிப் பார்த்து, நோயாளி மேஜையில் படுத்திருக்கும்போதே திரையில் படம் போடும். நோய் எட்டாத இடம் பச்சை, எட்டிய இடம் சிவப்பு. சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் ஒரு சீவல் எடுத்து மறுபடி பார்க்கலாம். எல்லாம் பச்சை ஆனதும் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். கூடவே வயர் மாட்டிய ஒரு கைக்கருவியும் உண்டு, சோப்பு டப்பா அளவில். அதைத் தோல் மேல் வைத்தால் வெட்டாமலே உள்ளே இருப்பதைக் காட்டும்.

மெஷினைத் தருவித்தவர் ஆஸ்பத்திரி சேர்மன். அவருக்கு வைத்தியம் தெரியாது, விழா தெரியும். மெஷினுக்குத் 'தவறாத கண்' என்று பேர் சூட்டினார். தொடக்க விழாவுக்கு நாள் குறித்து, ஒரு பெரிய மனிதரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். முதல் அறுவையைக் கீழே அரங்கத்தில் பெரிய திரையில் நேரடியாகக் காட்டுவது என்று முடிவு செய்தார். அதற்கு ஒரு நோயாளி வேண்டும். பார்க்க நன்றாகவும் இருக்க வேண்டும், வயிறு கால் என்று கண்ட இடத்திலும் இருக்கக் கூடாது. காது என்றதும் சேர்மனுக்குப் பிடித்துப்போயிற்று.

"பெரியவரே, உங்க காதுக்கு நான் பொறுப்பு" என்று கடைக்காரர் தோளைத் தட்டினார். பெரியவர் என்ற வார்த்தை கடைக்காரருக்குச் சுருக்கென்றது. சேர்மனுக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும், இவர் தலைக்குச் சாயம் அடிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இருந்தாலும் காதை நினைத்துப் பொறுத்துக்கொண்டார்.

"காது குத்துறாங்களோன்னு இருக்கு எனக்கு" என்றாள் மனைவி வீட்டில்.

"இல்லக்கா, பெரிய ஸ்க்ரீன்ல மாமா காது வரும். எத்தனை பேருக்கு அந்த யோகம்" என்றான் அவளுடைய தம்பி. அவன் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் விழாவுக்கு வரச் சொல்லிவிட்டான்.

விழா நாள் காலை, அறுவை அறையில் நர்ஸ் முதலில் அவருடைய கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். அதோடு உலகம் கரைந்து போயிற்று. விளக்கு ஒரு வெள்ளைக் கறை, நர்ஸ் ஒரு பச்சைக் கறை, மூலையில் இருந்த மெஷின் ஒரு சாம்பல் கறை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, நடுவில் ஓட்டை போட்ட துணியால் மூடினார்கள். மூச்சுக்காக முகத்துப் பக்கம் ஒரு நுனியைத் தூக்கிக் கட்டினார்கள். அவருடைய பங்காக உலகத்துக்குத் தெரிந்தது ஒரு காது மட்டும்தான்.

ஊசி போட்டார் டாக்டர். காது மரக்கட்டை ஆனது. "கீழ எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க. படம் மட்டும்தான் போகும், நாம பேசறது போகாது. பேசணும்னா இந்த சுவிட்சைப் போடணும்" என்று நர்ஸ் டாக்டரிடம் சொன்னாள்.

"விருந்தினர் வந்துட்டாரா?"

"இல்ல டாக்டர். ஆரம்பிச்சுடச் சொல்லிட்டாங்க. முதல் படம் வர்றதுக்குள்ள வந்துடுவாராம்."

வெட்டுகிற வலி தெரியவில்லை, வெட்டுகிற சத்தம் தெரிந்தது. அட்டையைக் கத்தரிக்கிற மாதிரி ஒரு நறநறப்பு, தலைக்கு உள்ளேயே. கடைக்காரர் வாயை இறுக மூடிக்கொண்டார். சீவல் முடிந்தது. டாக்டரின் செருப்பு மெஷின் பக்கம் நடந்தது. மெஷின் முனகியது.

"பச்சை டாக்டர்" என்றாள் நர்ஸ். "சுத்திலும் பச்சை. அடியிலயும் பச்சை."

டாக்டர் திரைக்குப் பக்கத்தில் போனார், தள்ளி வந்தார், மறுபடி போனார். தலையைச் சாய்த்துப் பார்க்கிறார் என்று கடைக்காரருக்குப் பார்க்காமலே தெரிந்தது. அடுத்து என்ன வார்த்தை வரும் என்றும் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"போதும்" என்றார் டாக்டர்.

நர்ஸ் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டாள். "என்ன டாக்டர்?"

"போதும் சிஸ்டர். தையல் போட்டுடலாம்." இத்தனை வருஷத் தொழிலில் அவர் அந்த வார்த்தையை முதல்முறையாகச் சொல்கிறார் போலிருந்தது. கடைக்காரருக்குத் துணிக்கு உள்ளே கண்ணில் நீர் முட்டியது. மடிப்பு தப்பித்தது. கண்ணாடி நிற்கும்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வாசனைத் தைல மணம் முதலில் வந்தது, பின்னாலேயே சேர்மன் வந்தார். முறையாக அங்கி, தொப்பி எல்லாம் போட்டிருந்தார். முகமூடி மட்டும் போடவில்லை. முகத்தை மூடிக்கொண்டு என்ன விழா?

"என்ன டாக்டர், முடிஞ்சுதுன்னு கீழ சொல்றாங்க?" நேராக மேஜைக்கு வந்து, காதும் காதும் வைத்த மாதிரி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் கடைக்காரர் காதுக்கு நேர் மேலேதான் இருந்தது.

"முடிஞ்சுது சார். ஒரே சீவல்ல நோய் பூரா வந்துடுச்சு."

"வந்தா எப்படி? விருந்தினர் இப்பத்தான் வாசல்ல இறங்கறாரு. அவர் உள்ள வரும்போது காது தைச்சுட்டு இருந்தா, அதைப் பார்க்கவா அவரைக் கூப்பிட்டேன்?"

"பச்சைப் படத்தைக் காட்டலாம் சார்."

"பச்சையில என்ன இருக்கு? புல்லு கூடத்தான் பச்சையா இருக்கு. அழைப்பிதழ்ல என்ன அச்சடிச்சிருக்கோம்? முதலில் சிவப்பு, பிறகு பச்சை. சிவப்பே வராம நேரா பச்சைக்குப் போனா, மெஷின் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

"சிவப்பு இல்லையே சார், நான் என்ன பண்ண?"

"இன்னும் கொஞ்சம் எடுங்க. தேடினா கிடைக்கும்."

துணிக்கு அடியில் கடைக்காரர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்தாலும் பச்சைதான் வரும் சார். மடிப்புதான் போகும்" என்றார் டாக்டர்.

"துளியூண்டு. அவருக்கு என்ன தெரியப்போகுது, எல்லாம் மரத்துக் கிடக்கு." பிறகு இன்னும் மெல்லிய குரலில், "உங்களுக்கு இது பழகின வேலைதானே டாக்டர்" என்றார்.

மரத்துப்போனது காதின் தோல்தான், கேட்கிற வேலை பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ஏதாவது சொல்வார் என்று கடைக்காரர் காத்திருந்தார். சொல்லவில்லை. அதற்குப் பதில் தட்டில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். எழுந்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கத்தலாம். கத்தினால், கத்தியோடு பக்கத்தில் நிற்கிறவர் ஏற்கெனவே பயந்த மனிதர், கை எங்கே போகும் என்று யார் கண்டது? அப்போது அவர் வாயிலிருந்து, எந்த யோசனையும் இல்லாமல், கடையில் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை தானாக வந்தது.

"சார், சும்மா ஒரு தடவை வச்சுப் பாருங்க."

"யாரு பேசறது?" என்றார் சேர்மன்.

"துணிக்குக் கீழ இருந்து சார். காதுக்காரன்."

"இவர் முழிச்சுட்டா இருக்காரு?"

"முழிச்சுத்தான் சார் இருப்பாரு. இடத்தை மட்டும்தான் மரக்கடிப்போம்" என்றாள் நர்ஸ்.

கடைக்காரர் விடவில்லை. கடைக்குள் ஏறிய ஆளை வெறும் கையோடு இறங்க விட்டவர் இல்லை அவர். "உங்களுக்கு வேண்டியது படம்தானே சார்? அந்தக் கைக்கருவி வெட்டாமலே உள்ள காட்டும்னு நீங்கதானே சொன்னீங்க. அதை உங்க மேல வச்சுப் பாருங்க. என் காது யாருக்கு சார் தெரியும்? உங்க முகம்னா ஊருக்கே தெரியும். ஸ்க்ரீன்ல ஒரு பக்கம் உங்க முகம், இன்னொரு பக்கம் உங்க தோலோட படம். தன்னையே வச்சுக் காட்டின சேர்மன்னு நாளைக்குப் பேச மாட்டாங்களா?"

பதில் வரவில்லை. அந்த மௌனம் கடைக்காரருக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். வேண்டாம் வேண்டாம் என்று வந்த ஆள், ஃபிரேமைக் கையில் எடுத்து, கண்ணாடி எதிரே முகத்தைத் திருப்பிப் பார்க்கிற மௌனம்.

"எந்தப் பக்கம் நிக்கணும்?" என்றார் சேர்மன்.

தட்டில் இரும்பு மறுபடி உரசியது. டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார்.

நர்ஸ் சுவிட்சைப் போட்டாள். அரங்கத்துச் சத்தம் அறைக்குள் வந்தது. விருந்தினர் வந்து உட்கார்ந்தாயிற்று என்று கீழே ஒரு குரல் அறிவித்தது. சேர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தவறாத கண்ணை முதலில் தன் மீதே சோதிக்கப் போவதாகவும், மக்கள் பணியில் தன் தோலையும் தோலாகக் கருதுவதில்லை என்றும் சொன்னார். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. கை தட்டினார்கள்.

புறங்கையில் வைத்தார். பச்சை. கைதட்டல். கன்னத்தில் வைத்தார். பச்சை. நெற்றியில் வைத்தார். பச்சை. சேர்மனுக்குச் சூடு பிடித்துவிட்டது. "முகத்திலேயே எடுப்பான இடம் எது? மூக்கு" என்று கீழே இருந்தவர்களைச் சிரிக்க வைத்து, கருவியை மூக்குக்குக் கொண்டுபோனார். திரையில் ஒன்றும் விழவில்லை.

"பவுடர் இருக்கு சார், துடைச்சுட்டு வைக்கணும்" என்றாள் நர்ஸ். ஈரப் பஞ்சால் துடைத்தாள். துடைத்தவள் நின்றாள். "இங்க என்ன சார், பொருக்கு மாதிரி?"

"அதுவா, ஷேவ் பண்ணும்போது பிளேடு பட்டது."

கடைக்காரர் துணிக்கு உள்ளே கண்ணைத் திறந்தார். மூக்குச் சிறகில் யார் ஷேவ் செய்கிறார்கள் என்பது அப்புறம். அவரைத் தொட்டது அந்தக் குரல். கேட்பதற்கு முன்பே தயாராக வைத்திருந்த பதில், கொஞ்சம் அவசரமான பதில். ஃபிரேம் கடிச்சது என்று அவர் சொல்லும்போதும் இதே குரல்தான் வந்திருக்கும்.

சேர்மன் துடைத்த மூக்கில் கருவியை வைத்தார். துணி நுனிக்கு வெளியே, தூரத்தில், மெஷின் திரை முதலில் ஒரு பச்சைக் கறையாகத் தெரிந்தது. அந்தப் பச்சைக்கு நடுவில் மெதுவாகச் சிவப்பு ஊறியது.

அறையில் நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். கீழே அரங்கமோ அதிர்ந்தது. அழைப்பிதழைப் படித்துவிட்டு வந்தவர்கள் அல்லவா? முதலில் சிவப்பு என்று போட்டிருந்தது, சிவப்பு வந்துவிட்டது. "இதோ சிவப்பு" என்று அறிவிப்பாளர் குரல் உற்சாகத்தில் ஒரு படி ஏறியது. மச்சினன் விசில் அடித்தது தனியாகக் கேட்டது. அத்தனை பேரும் கைதட்டிவிட்டு, அடுத்து வரவேண்டிய பச்சைக்காக அமைதியாகக் காத்திருந்தார்கள்.

சேர்மன் கருவியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. கொஞ்சம் மேலே நகர்த்தினார். பச்சை. கீழே கொண்டுவந்தார். சிவப்பு. அரங்கத்தில் இரண்டாவது தடவையும் தட்டினார்கள்.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார் சேர்மன்.

தவறாத கண் என்று பேர் வைத்தவரும் அவரேதான். அதை அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை. டாக்டர் நடந்துபோய்க் கேமராவையும் சுவிட்சையும் அணைத்தார். அரங்கத்தின் சத்தம் அறுந்தது.

"சார், உட்காருங்க" என்றார் டாக்டர். ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "இது எத்தனை நாளா இருக்கு?"

"பிளேடு பட்டதுன்னு சொன்னேனே."

"ஆறிச்சா?"

சேர்மன் கைக்கருவியைத் தட்டில் வைத்தார்.

"படத்தை வச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டோம் சார். ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்து உறுதி பண்ணணும். மெதுவாப் போற நோய்தான், உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இருக்கறது மூக்கு."

ஸ்டூல் மேஜைக்கு மிக அருகில் போடப்பட்டிருந்தது. சேர்மனின் மூச்சு கடைக்காரருக்குக் கேட்டது. தைல மணம் மட்டும் மாறாமல், முற்றிலும் வேறு மனிதனின் குரல் கேட்டது.

"டாக்டர், கொஞ்சமா எடுத்தாப் போதும்ல?"

டாக்டர் கடைக்காரர் காதுப் பக்கம் வந்து ஊசி நூலை எடுத்தார். மடிப்பை விட்டு, வெட்டிய இடத்தை மட்டும் இழுத்துத் தைத்தார். அன்றைக்குத் தைத்த தையல் மாதிரி நிதானமான தையல் அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை என்று நர்ஸ் பிற்பாடு மனைவியிடம் சொன்னாள்.

அரங்கத்தில் என்ன நடந்தது என்பதை மனைவிதான் வீட்டில் சொன்னாள். படம் நின்றதும் தொழில்நுட்பக் காரணம் என்றார்களாம். விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, சிவப்பு மிக நன்றாக இருந்தது என்று பாராட்டிவிட்டுப் போனாராம். "எல்லாரும் தட்டறாங்க, எனக்குத் தட்டத் தோணல. அந்த ஆள் மூக்கே சிவப்புன்னா உங்க காது என்ன ஆச்சோன்னு இருந்தது" என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார். இன்னும் கொஞ்சம் எடுங்க, தேடினா கிடைக்கும் என்ற இடம் வந்ததும் அவள் முகம் கடுகடுத்தது.

"அந்த ஆள் மூக்குல நல்லா வாங்கட்டும்."

"வாங்குவாரு" என்றார் கடைக்காரர். "அவர் படுத்திருக்கணும், டாக்டர் இன்னும் கொஞ்சம்னு சொல்லணும், அதை நான் கேக்கணும். கேட்டுட்டு வாய்விட்டுச் சிரிக்கணும்." படுக்கும்போது, எழும்போது, ஒரு பக்கக் காலைக் கழற்றிய கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு சோறு பிசையும்போது என்று எந்நேரமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். காது ஆறியதோ இல்லையோ, அந்த நினைப்பில் மனசு ஆறியது.

தையல் பிரிக்கிற நாள் வந்தது. அறுவை அறையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார வைத்து நர்ஸ் தையலைப் பிரித்தாள். நடுவில் ஒரு துணித் திரைதான் தடுப்பு. கைப்பையிலிருந்து மனைவி முழுக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரர் இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டினார். கால் மடிப்பின் மேல் ஏறி, பின்னால் வளைந்து, உட்கார்ந்தது. தலையைக் குனிந்தார், நிமிர்ந்தார், இரண்டு பக்கமும் ஆட்டினார். கண்ணாடி அசையவில்லை.

"நிக்குது" என்றார். எதிரே மனைவி மனைவியாகத் தெரிந்தாள், அவள் கண் கலங்கியிருப்பதும் தெரிந்தது.

அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கம் மெஷின் முனகியது. இன்று கேமரா இல்லை, அரங்கம் இல்லை, அறிவிப்பாளர் இல்லை. கதவில் பேர் கூட எழுதி ஒட்டவில்லை. தைல மணம் மட்டும் திரையைத் தாண்டி வந்தது.

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

"போதும்னு சொல்லுதா டாக்டர்?" என்றது உள்ளே இருந்த குரல்.

டாக்டரின் செருப்பு மெஷின் திரை வரை போய், நின்று, திரும்பி வந்தது. "ஒரு ஓரத்துல சிவப்பு இருக்கு சார். அந்த இடத்துல மட்டும் இன்னும் கொஞ்சம்."

மனைவி கணவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தாரோ அது நடந்துவிட்டது. ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கை தானாகப் போய்த் தன் காதை மூடிக்கொண்டது. துணிக்கு உள்ளே கண்ணைத் திறந்தபடி படுத்து, தட்டில் இரும்பு உரசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று திரைக்கு இந்தப் பக்கம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சார்" என்றார் திரையைப் பார்த்து. "காதுக்காரன் பேசறேன்."

"யாரு, பெரியவரா?"

"ஆமா சார்."

"கண்ணாடி நிக்குதா?"

"நிக்குது சார்."

பிறகு அந்தக் குரல், யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத குரல், தயங்கித் தயங்கிக் கேட்டது. "உடனே கிளம்பறீங்களா?"

மனைவி ஏற்கெனவே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருந்தாள். வாசலைக் கண்ணால் காட்டி, "போகலாமாங்க?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் கடைக்காரர். நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.